வயித்துக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நாம் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தைப் பேசுவோம். வயிற்றைப் பற்றித்தான். சிரிக்காதீங்க, சிரிக்கிறவங்களுக்கும் இந்தத் தொந்தரவு இருக்கலாம்.

நம் குழு ஒன்றின் பொருளாளர் அக்கா, போன வருஷம் எங்களிடம் வந்து, "என்னை மாத்திட்டு வேற யாரையாவது போடுங்க" என்றார். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். காரணம் கேட்டால் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை பேசிய பிறகுதான் அழுதுகொண்டே சொன்னார். பேங்குக்குப் போகிற நாள் என்றாலே காலையில் வயிறு முறுக்கிப் பிடிக்கும், நாலு தடவை வெளியே போகணும். பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம், வழியில் கழிப்பறை கிடையாது. அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி கிடந்து போவாராம். குழுவில் வாங்கிய அவசரக் கடன் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கரைந்தது. எல்லாம் நார்மல் என்று வந்ததும், "ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு செலவு? நடிக்கிறே" என்று வீட்டில் பேச்சு. அவர் சம்மதத்தோடுதான், பேர் சொல்லாமல் இதைச் சொல்கிறோம்.

அரசு மருத்துவமனை டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டு, இது ஐ.பி.எஸ். என்றார். இதில் குடலில் புண் இருக்காது, கட்டி இருக்காது. குடல் அசைகிற வேகமும் அதன் உணர்ச்சியும் மாறிப் போயிருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாத காற்றும் அசைவும் இவர்களுக்கு வலியாகத் தெரியும். மூளையும் குடலும் நரம்பு வழியாக எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதால், மனசில் பதட்டம் வந்தால் வயிறும் கலங்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாதவிலக்கு நேரத்தில் கூடவும் செய்யும். இது புற்றுநோயாக மாறாது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

நோட்டு எப்படிப் போடுவது?

வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு நோட்டில் தினமும் நாலு விஷயம் எழுதுங்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு? வயிறு எப்படி இருந்தது, எத்தனை தடவை போனது? மாதவிலக்கு நாளா? அன்றைக்குத் தூக்கமும் மனசும் எப்படி? ஒரு மாதம் எழுதினால் போதும், எது நமக்கு ஆகாது என்று பிடிபட்டுவிடும்.

பலருக்கும் ஒத்துக்கொள்ளாதவை: வெறும் வயிற்றில் டீ, காபி, அதிகக் காரம், எண்ணெய்ப் பலகாரம், பால், வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், உடம்பு வற்றிப் போகும். ஒவ்வொன்றாக இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையா, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவின் நோட்டில் என்ன தெரிந்தது தெரியுமா? வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்த நாளில் தொந்தரவு. அதைவிட முக்கியமாக, தவணைப் பணம் முழுசாக வராத நாளில் தொந்தரவு. குறைகிற பணத்தை யாரிடமும் சொல்லாமல் தன் கையிலிருந்து போட்டுக் கட்டி வந்திருக்கிறார். அந்தப் பாரத்தை வயிறு சொல்லியிருக்கிறது.

தொந்தரவு கூடுகிற நாளில் என்ன செய்யலாம்?

1. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, கால் மணி நேரம் வயிற்றில் ஒத்தடம் கொடுங்கள்.

2. பட்டினி வேண்டாம். இட்லி, குழைந்த சோறு, கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். அன்றைக்கு டீ, பால், காரம் வேண்டாம்.

3. வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து குடிக்கலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மலச்சிக்கல் என்றால் இசப்கோல் உமியை 1 டீஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்கலாம். தண்ணீர் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும். வருகிறபோது அடக்காதீர்கள்.

5. கொஞ்ச நேரம் படுத்து, வயிறு மேலே எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள். 5 நிமிஷம் போதும்.

மெடிக்கல் ஷாப்பில் "வயிறு சரியில்லை" என்று சொல்லிக் கலர் கலராக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

எப்போது வீட்டு வைத்தியம் கூடாது?

மலத்தில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது. இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் குடல் காசநோயாகவும் இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாக வயிறு உப்பினாலோ, மலம் போகிற பழக்கம் மாறினாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, பரிசோதனை கட்டாயம். டாக்டர் பார்த்து ஐ.பி.எஸ். என்று சொன்ன பிறகுதான் இந்த வீட்டு முறைகள்.

அந்த அக்கா இன்றைக்கும் பொருளாளர்தான். தொந்தரவு முழுசாகப் போகவில்லை, மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறது. ஆனால் எதனால் வருகிறது என்று தெரிவதால் பயம் குறைந்துவிட்டது. குழுவும் ஒரு தீர்மானம் போட்டது: பேங்குக்கு இரண்டு பேர் போவது, குறைகிற தவணையைக் கூட்டத்தில் சொல்லி எல்லோருமாகப் பொறுப்பேற்பது. மருந்துக்கு மேல் வேலை செய்தது இதுதான் என்று அவரே சொல்கிறார்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு இடம் பார்க்கும்போது, அங்கே தண்ணீரோடு கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது அடிக்கடி கூட்டத்துக்கு வராமல் இருந்தால், அபராதம் எழுதுவதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு என்னம்மா?" என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.