சுமையை அறிந்து வாகனத்தைத் தேர்ந்தெடுப்போம்

(நமது பள்ளிவாசல் வளாகத்தில் வணிகச் சகோதரர்களுக்காக நடைபெற்ற ஆலோசனைக் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நம் மஹல்லாவில் சிமெண்டு, கம்பி, மணல், டைல்ஸ், குழாய்ச் சாமான்கள் ஆகியவற்றை விற்பனை செய்யும் சகோதரர்கள் பலர் இருக்கின்றனர். கடை சற்று வளர்ந்தவுடன் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வருகின்றது. வாடகை வண்டிக்காகக் காத்திருந்து வாடிக்கையாளரை இழப்பவருக்கு இந்த எண்ணம் நியாயமானதே. புதிய வண்டி வந்து நின்றவுடன் துஆ ஓதுவதற்கு நம்மை அழைக்கின்றார்கள். நாமும் மகிழ்ச்சியோடு ஓதுகின்றோம். ஆனால் "இந்த வண்டி எவ்வளவு எடை தாங்கும்?" என்று அங்கேயே கேட்டால், பலருக்கு விடை தெரிவதில்லை. விலை தெரிகின்றது, மாதத் தவணை தெரிகின்றது, நிறம் தெரிகின்றது. சுமை மட்டும் தெரிவதில்லை. சுமைக்காகவே வாங்கப்படும் வாகனத்தில் முதலில் அறிய வேண்டியது கடைசிக்குப் போய்விடுகின்றது. எனவே துஆவுக்கு முன்பு செய்ய வேண்டிய ஆலோசனையை இன்று செய்துகொள்வோம்.

முதற்படி: எடைச் சீட்டு

வண்டிக் கம்பெனியின் ஷோரூமுக்குச் செல்லும் முன்பு எடை மேடைக்குச் செல்லுங்கள். ஒரு வார காலம், நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வண்டியைச் சுமையோடு எடை போட்டுச் சீட்டு வாங்கி வையுங்கள். எந்தப் பொருள், எத்தனை நடை, எவ்வளவு தூரம் என்று அதன் பின்புறத்தில் எழுதுங்கள். இந்தச் சீட்டுகளே உங்களுக்கான வண்டி எதுவென்று சொல்லும்.

கணக்கு எளிதானது. சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. 30 மூட்டை 1500 கிலோ. 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று, 12 மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 10.7 கிலோ, நூறு கம்பிகள் ஒரு டன்னைத் தாண்டிவிடும். மணலில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஆனால் நாலரை டன்னுக்குக் குறையாது. ஆகவே கால் யூனிட்டே 1100 கிலோவைத் தாண்டும். நனைந்த மணல் இன்னும் கனக்கும். "கொஞ்சம் மணல்தானே" என்று கண்ணால் அளப்பவர் இங்குதான் ஏமாறுகின்றார்.

ஆர்.சி. புத்தகம் சொல்லும் உண்மை

விளம்பரத்தில் வண்டியின் சுமைத் திறன் ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். நமக்கு ஆதாரம் ஆர்.சி. புத்தகமே. அதில் காலி எடை என்றும் மொத்த எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டி சட்டப்படி ஏற்றக்கூடிய அளவு. ஓட்டுநரும் சுமைதூக்கும் ஆட்களும் அந்த அளவுக்குள்தான் அடங்குவர்.

ஓர் உதாரணம் சொல்கின்றோம். கழித்து வரும் எண் 1700 கிலோ என்று கொள்வோம். ஓட்டுநரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 200 கிலோ. மீதம் 1500 கிலோ. அதாவது 30 மூட்டை. பதிவு செய்த பிறகு நீங்கள் 100 கிலோவில் ஓர் இரும்புச் சட்டத்தைக் கட்டினால், அதுவும் கழிந்து 28 மூட்டைதான். உங்கள் எடைச் சீட்டு நாள்தோறும் 40 மூட்டை என்று சொல்லுமானால், இந்த வண்டி உங்களுடைய வண்டி அன்று. ஒன்று, பெரிய வண்டி வாங்க வேண்டும். அல்லது இரண்டு நடை ஓட்ட வேண்டும். மூன்றாவது வழியாகிய அதிகச் சுமை ஒரு வழியே அன்று. அதைப் பின்னர் விளக்குவோம்.

சந்தையில் உள்ள வகைகள்

எந்தக் கம்பெனியின் வண்டியை வாங்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. வகைகளை அறிந்துகொள்வது போதுமானது. 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகள் தெருவுக்குள் குறைந்த சுமை கொண்டு செல்ல ஏற்றவை. சிமெண்டு வியாபாரத்திற்கு அவை போதா. அடுத்தது ஒன்றேகால் முதல் ஒன்றரை டன் வகை. ஓசூரில் தயாராகி 2011இல் வெளிவந்த அசோக் லேலண்டின் தோஸ்த் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கும் மேலே கனரகப் பிக்கப்கள் இருக்கின்றன. 2022இல் டாடா நிறுவனம் யோதா 2.0 என்பதையும், 2023இல் மஹிந்திரா நிறுவனம் பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையையும் கொண்டு வந்தன. இரண்டிலும் இரண்டு டன் ஏற்றும் வண்டிகள் உண்டு. அசோக் லேலண்டின் படா தோஸ்த் 2020இல் வந்தது.

எடையோடு நீளத்தையும் பாருங்கள். பெரிய பிக்கப்பின் லோடு பாடியே ஏறக்குறைய 3 மீட்டர்தான். 12 மீட்டர் கம்பியை இரண்டாக மடித்தாலும் 6 மீட்டர். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவரின் முகத்திற்கு நேராக இருக்கும். கம்பியே முதன்மை வியாபாரம் என்றால், அதற்கு நீளமான லாரியை வாடகைக்கு அமர்த்துங்கள். அல்லது கடையிலேயே அளவுக்கு வெட்டிக் கொடுங்கள்.

3000 கிலோ என்ற எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்திற்குப் பெர்மிட் தேவையில்லை. ஒரே வண்டி இந்த எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் வெவ்வேறு ரகங்களில் வருவதுண்டு. எது எந்தப் பக்கம் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு அறியுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7500 கிலோ மொத்த எடைக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

எஞ்சினும் ஓட்டமும்

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் டீசல் வண்டிகள் பி.எஸ்.6 வகையைச் சேர்ந்தவை. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி இவற்றின் புகைக்குழாயில் இருக்கின்றது. வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து சிறிது தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து நீங்கும். கடைக்கும் கட்டுமான இடத்திற்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் மட்டுமே நின்று நின்று ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் செலவு பெரிதாகும். எனவே உங்கள் ஓட்டம் குறுகியதா, நெடியதா என்பதைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். சி.என்.ஜி. வண்டிகளும் உண்டு. உங்கள் பாதையில் எரிவாயு நிரப்பும் நிலையம் இருக்கின்றதா, சிலிண்டர்களின் எடை போக எவ்வளவு ஏற்றலாம் என்ற இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெற்று வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். சுமையோடு ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தும் பார்க்க வேண்டும். சர்வீஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்றும் விசாரியுங்கள். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானமும் நிற்கும்.

அதிகச் சுமை: மனிதருக்குச் செய்யும் அநீதி

அன்புச் சகோதரர்களே! நம் உரையின் மையம் இதுவே. "பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டோம், இனி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்" என்று சிலர் சொல்கின்றனர். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது, அவ்வளவுதான். பிரேக் கூடுவதில்லை, அச்சு கூடுவதில்லை, டயரின் தாங்கும் சக்தி கூடுவதில்லை. டயரின் பக்கவாட்டில் ஓர் எண் இருக்கும். 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். பட்டை கட்டுபவர் அந்த எண்ணை மாற்ற இயலுமா? வண்டி தாழாமல் நிற்பதால் அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போவதே இதன் பெரிய தீங்கு.

இலாபக் கணக்கைப் பார்த்தாலும் இது நஷ்டமே. போகவர 30 கிலோமீட்டர் உள்ள இரண்டாவது நடைக்கு, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று கொண்டால் இரண்டரை லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 230 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய்; அத்துடன் மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அந்த 20,000 ரூபாயில் எண்பதுக்கும் மேற்பட்ட நடைகளுக்கு டீசல் போடலாம்.

ஆனால் அபராதத்திற்கு அஞ்சி மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. வண்டியை ஓட்டுபவர் பெரும்பாலும் முதலாளி அல்லர்; சம்பளத்திற்கு வேலை செய்யும் ஓர் ஏழைச் சகோதரர். "பத்து மூட்டை கூடப் போட்டு அனுப்பு" என்று முதலாளி சொன்னால் அவரால் மறுக்க முடியாது. பிரேக் பிடிக்காத இறக்கத்தில் அவர்தான் இருக்கின்றார். அவருடைய பிள்ளைகள்தாம் வீட்டில் காத்திருக்கின்றனர். ஓர் ஒட்டகத்தைக் கண்டபோது, அதைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கிய உரிமையாளரை அழைத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். வாயில்லாப் பிராணியின் முறையீடே கேட்கப்படுமானால், வாயிருந்தும் பேச முடியாத தொழிலாளியின் முறையீடு எவ்வளவு கனமானது என்பதைச் சிந்தியுங்கள். சாலையில் நடந்து செல்லும் முன்பின் அறியாத மனிதருக்கும் நம் மீது உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலீமா விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கின்றது. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002ஆம் ஆண்டிலேயே ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கின்றது. விபத்து நேர்ந்தால் உயிரிழப்பின் துயரத்தோடு இழப்பீட்டுச் சுமையும் வண்டி உரிமையாளரின் குடும்பத்தின் மீது விழும். புதிய வண்டி வந்த முதல் நாளிலேயே "இதில் ஆள் ஏற்றுவதில்லை" என்று சொல்லிவிடுங்கள். உறவினர் வருந்தினாலும் பரவாயில்லை.

விலையும் தவணையும்

ஷோரூம் விலையோடு சாலை வரி, காப்பீடு, பதிவு, பாடி கட்டும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைக்கப்பட்டுள்ளது. முறையாக ஜி.எஸ்.டி. பதிவு செய்து வரி கட்டும் வியாபாரி, தொகுப்புத் திட்டத்தில் இல்லாதவராயின், தம் கடைக்காக வாங்கும் சரக்கு வண்டியின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கின்றது. கணக்காளரிடம் கேட்டு, கடையின் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதை இந்தச் சபைக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முராபஹா என்ற வழி இருக்கின்றது. பணம் உடையவர் வண்டியை முதலில் தாமே வாங்கித் தம் பொறுப்பில் எடுத்து, அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, உங்களுக்குத் தவணையில் விற்பதாகும். தவணை தாமதமானாலும் விலை ஏறக்கூடாது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தாமதத்திற்குத் தொகை கூட்டுவது முராபஹா ஆகாது. இரண்டு கடைக்காரர்கள் கூட்டாக ஒரு வண்டி வாங்குவதும் நல்ல வழியே. ஆனால் யாருக்கு எந்த நாள், பழுதுச் செலவு எப்படி, பிரிவதானால் எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றை எழுதி, சாட்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம்.

எந்த வழியில் வாங்கினாலும், தவணையை நல்ல மாத வருமானத்தைக் கொண்டு கணக்கிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டுமான வேலை நின்றுவிடும், தவணை நிற்காது. மழை மாதத்து வருமானத்தில் கட்ட முடிகின்ற தவணையே உங்களுக்கு ஏற்ற தவணை. அதை மீறி வாங்கியவர்தாம், ஒரு நடையில் இரண்டு நடைச் சுமையை ஏற்றும் நிர்ப்பந்தத்திற்கு உள்ளாகின்றார். அதிகச் சுமையின் ஆரம்பம் பல நேரங்களில் அதிகக் கடனாகவே இருக்கின்றது.

முடிவாக

ஒரு வாரம் எடை போடுங்கள், ஆர்.சி. கணக்கைப் பாருங்கள், நீளத்தையும் ஓட்டத்தையும் பாருங்கள், மழை மாதத்தை நினைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள். வாங்கிய பின்பு, அந்த வண்டி ஏற்றக்கூடிய மூட்டைகளின் எண்ணிக்கையைக் கடையின் சுவரில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். அப்போது ஓட்டுநர் முதலாளியிடம் வாதாட வேண்டியதில்லை. சுவரைக் காட்டினால் போதும்.

நம் வணிகத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் வாகனங்களால் நமக்கோ பிறருக்கோ எந்தத் தீங்கும் நேராமல் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.