எந்த நார்? எவ்வளவு நார்?

('வயிற்றுக் கோளாறுக்கு நல்ல வழி காட்டுவது வீட்டு அனுபவமே! மருத்துவ ஆலோசனையே!' என்ற பட்டிமன்றத்தில், 'மருத்துவ ஆலோசனையே' என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவி அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. "வயிறு சரியில்லையா? நார்ச்சத்து சாப்பிடு. கீரை, வாழைத்தண்டு, கோதுமைத் தவிடு. இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேணுமா? எங்க பாட்டி போதும்"னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். பாட்டியை எதிர்த்து எவன் தட்டாம இருப்பான்? (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, எந்த வயிறு? எந்த நார்? எவ்வளவு நார்? இந்த மூணு கேள்வியை யாராவது கேட்டாங்களா?

ஒரு நோய் இருக்கு. பேரு ஐ.பி.எஸ். ஒருத்தன்கிட்ட டாக்டர் "உனக்கு ஐ.பி.எஸ்."னு சொல்லிட்டார். அவன் வீட்டுக்கு வந்து மாமனார்கிட்ட சொன்னான். மாமனார் எழுந்து நின்னுட்டார்! "எந்த ஜில்லாவுல போஸ்டிங் மாப்பிள்ளை?"ன்னார். இவன் சொன்னான், "போஸ்டிங் எல்லாம் பாத்ரூம்லதான் மாமா!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனா அந்த நோய் உள்ளவனுக்கு அது சிரிப்பு இல்லைங்க. கல்யாணத்துக்குப் போக பயம். பஸ்ஸிலே ஏற பயம். அடிவயிற்றிலே வலி, ஒருநாள் பேதி, ஒருநாள் மலச்சிக்கல். பரிசோதனை பண்ணினா குடலிலே புண் இல்லை, கட்டி இல்லை. உடனே வீட்டிலே என்ன சொல்றோம்? "உனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் மனப்பிரமை." இல்லைங்க! குடலும் மூளையும் பேசிக்கொள்கிற பேச்சிலே ஏற்படுகிற கோளாறு அது. வலி நிஜமான வலி.

இப்போ நாருக்கு வருகிறேன். டெனிஸ் பர்க்கிட் என்று ஒரு அறுவை மருத்துவர். அயர்லாந்திலே பிறந்தவர், உகாண்டாவிலே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 'நார் நிறைந்த உணவு சாப்பிடுகிற ஆப்பிரிக்க கிராம மக்களுக்கு மேல்நாட்டுக் குடல் நோய்கள் அதிகம் வருவதில்லை' என்று 1970-களிலே உலகம் முழுக்கச் சொன்னார். உடனே வயிறு என்று வந்தவனுக்கெல்லாம் கோதுமைத் தவிட்டை அள்ளிக் கொடுத்தாங்க. நம்ம பாட்டி மட்டும் இல்லை, அம்மா, இங்கிலாந்து டாக்டர்களும் கொடுத்தாங்க!

அப்புறம் என்ன ஆச்சு? இங்கிலாந்திலே மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இரண்டு பேர், ஐ.பி.எஸ். நோயாளிகள் 100 பேரைக் கேட்டு 1994-ல் எழுதினாங்க. தவிடு சாப்பிட்டதாலே நோய் மோசமாச்சு என்று சொன்னவர்கள் 55 சதவீதம். நல்லாச்சு என்றவர்கள் வெறும் 10 சதவீதம்! நல்லது என்று நினைத்துக் கொடுத்தது, பாதிப் பேருக்கு மேலே கெடுதல் பண்ணியிருக்கு.

பிறகு நெதர்லாந்திலே 275 நோயாளிகளை மூணு பிரிவாப் பிரிச்சு, 12 வாரம் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒரு பிரிவுக்குத் தவிடு, ஒரு பிரிவுக்கு இசப்கோல், ஒரு பிரிவுக்குச் சும்மா அரிசி மாவு. இசப்கோல் சாப்பிட்டவர்களுக்குக் குணம் தெரிஞ்சது. தவிடு சாப்பிட்டவர்களிலே பல பேர், தொல்லை அதிகமாகி, பாதியிலேயே "ஆளை விடுங்க"ன்னு போயிட்டாங்க! (சிரிப்பு)

இரண்டுமே நார்தானே, ஏன் இந்த வித்தியாசம்? தவிட்டிலே இருப்பது பெரும்பாலும் தண்ணீரிலே கரையாத நார். அது உறுத்தலான குடலை இன்னும் உறுத்தும். இசப்கோல் கரையும் நார். தண்ணீரிலே போட்டா வழவழன்னு கூழ் மாதிரி ஆகும். இளகின மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், இறுகின மலத்தை இளக்கும். இது எங்கேயோ சீமையிலிருந்து வந்த சரக்கு இல்லைங்க, நம்ம குஜராத்திலே விளைகிறது. அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதைத்தான் சொல்லுது: ஐ.பி.எஸ்.ஸுக்குக் கரையும் நாரைக் கொடு, கரையாத நாரைக் கொடுக்காதே.

அப்போ "நான் கடையிலே இசப்கோல் வாங்கிக்கிறேன், டாக்டர் எதுக்கு?" என்பீங்க. அங்கேதான் ஆபத்து!

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். 58 வயசு. மலத்திலே ரத்தம். வீட்டிலே "மூலச்சூடு"ன்னாங்க. எட்டு மாசம் கருணைக்கிழங்கு, வாழைத்தண்டு, கீரை. மகள் தினமும் தண்டை நறுக்கி நார் எடுத்துக் கொடுத்தாள். அன்பிலே குறையே இல்லை. ஆனா ஆள் இளைச்சுக்கிட்டே போனார். கடைசியிலே பெருங்குடலிலே குழாய் விட்டுப் பார்த்தப்போ, புற்றுநோய். எட்டு மாசம், நடுவர் அவர்களே! அந்த எட்டு மாசத்தை எந்த நார் திருப்பிக் கொடுக்கும்? (அரங்கில் அமைதி)

மலத்திலே ரத்தம், காரணமில்லாத இளைப்பு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, 50 வயசுக்கு மேலே புதுசா வருகிற தொல்லை, குடும்பத்திலே யாருக்காவது குடல் புற்றுநோய். இதிலே ஒண்ணு இருந்தாலும் முதல்லே பரிசோதனை. அப்புறம்தான் நார்.

வள்ளுவர் என்ன சொன்னார்? நோய் எது என்று பார், அதன் காரணத்தைப் பார், தீர்க்கும் வழியைப் பார், பிறகு செய் என்றார். அடுத்த குறளிலேயே நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூணையும் பார் என்றார். நாம என்ன பண்றோம்? நேரா வழிக்குப் போயிடறோம்! (கைதட்டல்)

இன்னொண்ணும் சொல்லணும். எங்க அணி என்பதற்காக எல்லா டாக்டரையும் நான் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. "ஃபைபர் நிறையச் சாப்பிடுங்க, டென்ஷன் ஆகாதீங்க, அடுத்த ஆள்!" அது ஆலோசனை இல்லைங்க, பொங்கல் வாழ்த்து! (பலத்த சிரிப்பு) நல்ல மருத்துவர் முதல்லே கேட்பார். வலி எப்போ? பேதியா, சிக்கலா? என்ன சாப்பிட்டா வருது? வெங்காயம், பூண்டு, பருப்பு ஒத்துக்குதா? நீங்களும் வெறுங்கையோடு போகாதீங்க. இரண்டு வாரம் சாப்பிட்டது, வலிச்சது, போனது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. வாய்விட்டுக் கேளுங்க: "எந்த நார்? எவ்வளவிலே ஆரம்பிக்கணும்? எத்தனை வாரம் பார்க்கணும்? மற்ற மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?" கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும், ஒரே நாளிலே அள்ளிப் போட்டா வயிறு மத்தளம். தண்ணீர் நிறைய வேணும். இசப்கோலை வெறுமனே வாயிலே போட்டா தொண்டையிலே அடைக்கும். இதையெல்லாம் சொல்கிறவர்தான் ஆலோசகர்.

பாட்டியின் கைப்பக்குவத்துக்கு நான் அடிமை. அந்தக் கை சமைக்கட்டும். ஆனா நோய் எது என்று கண்டு, இந்த வயிற்றுக்கு இந்த நார், இந்த அளவு என்று சொல்வது மருத்துவ ஆலோசனையே! அதுவும், கேட்டுத் தெரிந்துகொள்கிறவனுக்குக் கிடைக்கிற மருத்துவ ஆலோசனையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)