மூடி இருந்தால் போதுமா?



முன்பு நாம் இழைப்புளியால் மரம் இழைத்தோம். இன்று டில்லி கீர்த்தி நகர் மரச்சாமான் பட்டறைகள் முதல் சிறு ஊர்ப் பட்டறைகள் வரை பிளேனிங் மிஷின் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. இழைப்புளியில் கத்தி கீழே இருக்கும். கை மேலே பத்திரமாக இருக்கும். மிஷினிலோ கத்தி மேல்நோக்கிச் சுழல்கிறது. நம் கை அதைத் தாண்டிப் போகிறது.

மேசையின் நடுவே இருக்கும் கத்தி உருளை பல மிஷின்களில் நிமிடத்துக்கு 4,000 முறைக்கு மேல் சுற்றும். கை பட்டால் இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. விரலைச் சீவி எடுத்துவிடும். பிறகு ஒட்டவைப்பதும் கடினம்.

அதற்காகத்தான் உருளையின் குறுக்கே பாலம் போல ஒரு மூடி இருக்கிறது. பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். சிலர் மாட்டியிருப்பார்கள்; ஆனால் எப்போதும் உயரத் தூக்கியே வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். மரம் மாறும்போது மூடியின் நிலையும் மாற வேண்டும்.

எப்படி வைப்பது?

பலகையின் அகலப் பக்கத்தை இழைக்கிறீர்களா? மூடியைப் பலகைக்கு மேலே இறக்குங்கள். இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பலகை மூடியின் கீழே போகட்டும். கை மூடியின் மேலே போகட்டும்.

விளிம்பை இழைக்கிறீர்களா? மூடியை மேசை வரை இறக்குங்கள். அதன் நுனியைப் பலகைக்கு நெருக்கமாகத் தள்ளுங்கள். அங்கும் 10 மில்லிமீட்டர்தான் கணக்கு.

பலகை சாய்ந்து நிற்கும் தகட்டுக்குப் பின்னால் உருளை தெரிந்தால், அதையும் மூடுங்கள்.

சிறு துண்டுகளைக் கையால் தள்ளாதீர்கள். தள்ளுகட்டை வைத்துத் தள்ளுங்கள். கையுறை வேண்டாம்; கத்தி அதை இழுத்தால் கையும் உள்ளே போகும். சுவிட்சை அணைத்த பிறகும் உருளை சற்று நேரம் சுற்றும். அது நிற்கும்வரை காத்திருங்கள். சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள்.

"மூடி போட்டால் வேலை தாமதமாகும்" என்று சிலர் சொல்வார்கள். மூடியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். போன விரல் ஆயுளுக்கும் திரும்பாது.

மிஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அப்போதே சொல்லியிருந்தது. எனவே மூடி இல்லாத மிஷினுக்கு மூடி கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். உளி பிடிக்கும் கைதான் நம் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.