படுகைக்குப் போகும் நோட்டுக்கட்டு

பட்டம் பெறும் இளைஞர்களே,

கொள்ளிடம் கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே, படுகையில், சில ஊர்கள் இருக்கின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். கடலூர் மாவட்டத்தில் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி. தோட்டப்பயிரை நம்பி வாழ்கிற மக்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் படகில் கொண்டுபோகிற தன்னார்வலர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அங்கே வெள்ளம் பெரும்பாலும் மழையோடு வருவதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; ஆறு மட்டும் ஏறும். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிறைந்து, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதும், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ 57 லட்சம். 2024 ஜூலை இறுதியிலும் அணை நிரம்பி, படுகைக்காரர்கள் மறுபடி கரையேறினார்கள்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? முக்கொம்பில் காவிரி ஆறு, காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணை கட்டிய நாளிலிருந்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். காவிரியின் கரை தாங்குகிற அளவை மட்டும் அந்தப் பக்கம் விட்டு, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திருப்புகிறோம். அதனால்தான் தஞ்சாவூரும் கும்பகோணமும் தப்பிக்கின்றன. ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் காப்பரிசியும் கருகமணியும் வைத்துக் கும்பிடுகிறோமே, அதே ஆற்றின் மிச்சம்தான் படுகையில் வீட்டு வாசலுக்குள் நுழைகிறது. நம் பங்கு வெள்ளத்தையும் சேர்த்து அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு நாம் கொண்டுபோகிற நோட்டைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நாம் திருப்பித் தர வேண்டிய கடன்.

காலத்தையும் கவனியுங்கள். ஜூனில் பள்ளி திறந்து, புதுப் புத்தகமும் சீருடையும் பையும் கைக்கு வந்து, அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆடியில் தண்ணீர் வருகிறது. வெள்ள நிவாரண முகாமுக்கு அரிசி வரும், பால் வரும், போர்வை வரும். நோட்டு கடைசியில்தான் வரும். பசிக்குப் பிறகுதான் படிப்பு, அதில் தவறில்லை. ஆனால் கரையோரத்துப் பள்ளிக்கூடமே முகாமாகிவிட்டால் பாடமும் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு பதினோராம் வகுப்புப் பையன் வேலை தேடித் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டால், அவனைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஆசிரியர்களைக் கேளுங்கள்.

நோட்டு கொண்டுபோகிற இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் லாரியைப் பிடிப்பதற்கு முன் தலைமையாசிரியரைப் பிடிக்கிறார்கள். எந்த வகுப்பில் எத்தனை பேர், தமிழ் வழியா ஆங்கில வழியா, யாருக்கு எது போயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பாடப்புத்தகத்தைக் கல்வித் துறையிடம் கேட்டு வாங்கலாம். வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சின்ன வகுப்புக்கு நாலு கோடு நோட்டும் இரண்டு கோடு நோட்டும், கணக்குக்குக் கட்டம் போட்டது, பெரிய பிள்ளைகளுக்கு கிராஃப் தாள், ஜியாமெட்ரி பாக்ஸ், செருப்பு. பன்னிரண்டாம் வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டு. மாதக்கணக்கில் படம் வரைந்து கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு நோட்டு ஒரே இரவில் கூழாகிவிட்டால் அதை எழுதிய பெண் என்ன பாடுபடுவாள் என்பது, இங்கே அறிவியல் படித்த உங்களுக்குத் தெரியாததா? முகாமில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாகம் குறிக்க உதவுகிற கல்லூரி மாணவி கொண்டுபோன பொருளைவிட, அந்த மாணவி கொடுக்கிற இரண்டு மணி நேரம் பெரிது.

பாதி எழுதிய பழைய நோட்டை மூட்டை கட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். வகுப்புவாரியாகக் கட்டுங்கள். தடித்த பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, பிள்ளையின் பெயரை மேலே எழுதுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் கால் வைக்காதீர்கள். சுழல் எங்கே இருக்கிறது என்று படகோட்டிக்குத் தெரியும். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்று போகக் கூடாது.

பொருளோடு நிற்க வேண்டியதில்லை; படித்த படிப்பையும் கொண்டுபோகலாம். வங்கதேசத்தில் சலன் பீல் என்கிற பெரிய நீர்ப்பரப்பைச் சுற்றியுள்ள ஊர்களில், மழைக்காலம் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வழியில்லை. கட்டடக்கலை படித்த முகமது ரிஜ்வான் என்ற இளைஞர் 1998-இல் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2002-இல் முதல் படகுப் பள்ளி மிதந்தது. படகு துறைதுறையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்கிறது, வகுப்பும் அதற்குள்ளேயே. கூரையில் சூரியத் தகடு, உள்ளே விளக்கும் கணினியும். தன் படிப்பை விட்டுவிட்டு அவர் சேவைக்குப் போகவில்லை; படித்த படிப்பையே தண்ணீர்மேல் கொண்டுபோனார். உங்களில் பொறியியல் படித்தவர்கள் படுகைப் பள்ளிகளில் வெள்ள மட்டத்துக்கு மேலே புத்தகம் வைக்க ஒரு பரண் அமைத்துக் கொடுக்கலாம். கணினி படித்தவர்கள், மேட்டூர் திறப்பின் அளவு அன்றன்றே அந்த ஊர் அம்மாக்களின் கைப்பேசிக்குத் தமிழில் போய்ச் சேர வழி செய்யலாம்.

இந்த வெள்ளம் சொல்லிவிட்டு வருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர ஓரிரு நாளுக்கு மேல் ஆகும். அடுத்த முறை அணை நிரம்பியது என்று செய்தி வந்தால், அன்றே அந்தப் பள்ளிக்குப் போன் போடுங்கள். புத்தகங்களை மூட்டை கட்டி மேலே ஏற்ற ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு, காலாண்டுத் தேர்வுக்கு முன் இன்னொரு முறை போங்கள். வருகைப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரே இன்னும் வரவில்லை என்றிருக்கிறதோ, அந்த வீட்டுக்கு ஆசிரியரோடு நடந்து போய், பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள்.