ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும் அவையஞ்சாமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பேச வருவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், நம் பிள்ளைகளிற் பலர் அதில் இடறுவது ஆங்கிலம் அறியாமையால் அன்று, அச்சத்தால் என்பதைக் கண்கூடாகக் கண்டேன். வள்ளுவர் பெருமான் சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்தில் வைத்தார். அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகத் தனியே வகுத்தார். சொல்லத் தெரிவது வேறு, அஞ்சாது சொல்வது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

நம் சமூகத்துப் பெண்ணொருத்தி, செவிலியர் கல்வி முடித்தவள், இங்கிலாந்து சென்று பணிபுரிய விரும்பினாள். அங்கே பதிவு பெற ஐ.ஈ.எல்.டி.எஸ். என்னும் பரீட்சையை எழுதுவோர், பேச்சுப் பகுதியில் 9க்கு 7 பெறுதல் வேண்டும். தாயின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். வாசிப்பிலும் எழுத்திலும் தேறியவள் பேச்சில் 5.5 பெற்றுத் திரும்பினாள். "கேள்வி விளங்கியது, ஐயா, விடையும் மனத்தில் இருந்தது, நா எழவில்லை" என்று கண்ணீர் விட்டாள். "வாய்விட்டுப் பேசி எத்தனை நாள் பழகினாய், அம்மா?" என்று கேட்டேன். ஒரு நாளும் இல்லையாம். வீட்டில் வாய் திறந்தால், "துரைசானி வந்துவிட்டாள்" என்று தமையன்மார் நகைப்பார்களாம். நோயின் மூலம் எனக்கு விளங்கிற்று.

இப்பரீட்சையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பரீட்சகர் ஒருவரோடு 11 முதல் 14 நிமிடம் வரை பேசுவதே அது. முதற் பகுதியில் ஊர், வீடு, தொழில் பற்றிய எளிய கேள்விகள். இரண்டாவதில் ஒரு பொருள் எழுதிய சீட்டைத் தந்து, குறிப்பெழுத 1 நிமிடம் விடுவர். பின்னர் 2 நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாவது, அப்பொருளையொட்டிய உரையாடல். தங்குதடையின்றித் தொடர்புபடப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கிற்கும் சமமான மதிப்பு உண்டு. ஆகவே ஓர் இலக்கணப் பிழை நேர்ந்தவுடன் வாயடைத்து நிற்பவர், ஒரு காசைத் தேடி மடிப்பணம் முழுவதையும் ஆற்றில் நழுவ விடுபவரை ஒப்பர். வெள்ளையரைப் போல் ஒலிக்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. கேட்போர்க்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே விதி. கேள்வி விளங்காவிடில் மறுபடியும் கூறுமாறு கேட்கலாம்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்வேன். நம்மவர் சிலர் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'புக்' என்பதைப் 'புக்கு' என்றும் கூறுவர். இது மூடத்தனம் அன்று. தமிழில் தனி மெய் மொழிக்கு முதலில் வாராது. வல்லின மெய் மொழிக்கு இறுதியில் நில்லாது. நன்னூல் கற்றோர் இதனை அறிவர். தாய்மொழியின் இலக்கணமே நம் நாவில் நின்று ஓர் உயிரைச் சேர்த்துவிடுகிறது. காரணம் தெரிந்தால் வெட்கம் நீங்கும், திருத்தமும் எளிதாகும். முன்னே இகரத்தையும் பின்னே உகரத்தையும் விட்டு, நாள்தோறும் 20 சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

நிற்க. குறுக்குத்துறைப் படியில் அமர்ந்து நீச்சல் நூலைப் படித்தவன் எவனும் தாமிரவருணியைக் கடந்ததில்லை. ஆனித் தேரோட்டம், பாபநாசத்து நீராடல், பாட்டியின் கைப்பக்குவம் என நாளொரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 நிமிடத்தில் எங்கே, எப்போது, யாருடன், ஏன் மனத்தில் நின்றது என நான்கு குறிப்புகள் எழுதி, 2 நிமிடம் நிறுத்தாமற் பேசுங்கள். நெட்டுருச் செய்து ஒப்பித்தால் பரீட்சகர் கண்டுகொள்வார். பேசியதைக் கைப்பேசியிற் பதிந்து கேட்டு, நாளுக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். அப்பெண் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாதம் இவ்வாறே பேசினாள். நான் செய்தது, இடைமறியாமற் கேட்டது ஒன்றே. மறுமுறை 7 பெற்றாள்.

அயல்மொழி பேச நாணுவோர்க்குப் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே சான்று உண்டு. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெலும், சாயர்புரத்தில் பணிபுரிந்த ஜி. யு. போப்பும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். முதல் நாளிலேயே அவர்கள் நாவில் நம் ழகரம் வந்திருக்குமா? நாணி வாய்மூடியிருந்தால் தமிழ் வசப்பட்டிருக்குமா? கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப் 1886இல் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அவர்கள் நம் மொழியைப் பேசக் கற்றது போல, நாமும் அவர்கள் மொழியைக் கற்போம்.

பெரியோர்களே! உங்களிடம் நான் வேண்டுவது பொருளுதவி அன்று. ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் இம்மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். அங்கே விதி ஒன்றே ஒன்று: பேசுகிறவரைப் பார்த்து எவரும் நகைத்தல் ஆகாது. அவ்விதியை ஒவ்வொரு வீட்டிலும் நடத்துவீர்களானால், அடகு வைத்த வளையல் வீணாகாது.