மாவும் காணியும்



மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு என்பதை அறிந்தோர் பலர். அச்சொல்லே ஒரு கூட்டற் கணக்கு என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இவ்விரண்டும் கூடியதே மாகாணி. பெயரிட்ட முன்னையோர் விடைக்கு உரிய வழியையும் பெயருக்குள்ளேயே வைத்துச் சென்றனர்!

1/20, 1/80 ஆகிய இவற்றை மேலெண்ணோடு மேலெண்ணும் கீழெண்ணோடு கீழெண்ணுமாகக் கூட்டி, 2/100 என விடை எழுதும் மாணவர் இன்றும் உளர். 2/100 என்பது ஐம்பதில் ஒன்று. அது மாவினும் சிறிது. மாவோடு மற்றொன்று சேர்ந்தபின் மா குறையுமோ? பங்குகளை முதலில் ஓரளவினவாக ஆக்கல் வேண்டும். ஒரு மாவுக்குக் காணி நான்கு. நான்கு காணியோடு ஒரு காணி சேர ஐந்து காணி, அதாவது 5/80. மேலும் கீழும் ஐந்தால் வகுக்க 1/16. ஒன்றைப் பதினாறால் வகுக்கப் பதின்மப் புள்ளியில் 0.0625. மாவை 0.05 எனவும் காணியை 0.0125 எனவும் மாற்றிக் கூட்டினும் அதுவே வரும்.

இவ்வாறு மிச்சமின்றி முடிவதற்குக் காரணம் உண்டு. கீழ்வாயிலக்கத்தின் முந்திரி 1/320. 320 என்பது இரண்டும் ஐந்தும் மட்டுமே பெருகிய எண். அதனால் முந்திரி 0.003125 என முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றோ 0.333 என முடிவின்றி நீளும்.

முடிகிற எண்ணாயினும், இடையிலே வெட்டினால் கணக்குத் தவறும். 1957 ஏப்பிரல் 1இல் உருபா நூறு புதுக்காசாயிற்று. அதுவரை உருபாவுக்குப் பதினாறு அணா. எனவே அணா என்பது உருபாவில் மாகாணி. அதன் மதிப்பு 6.25 காசு. காற்காசுக்கு நாணயம் இல்லை. ஆதலின் அரைக்காசும் அதனிற் குறைந்ததும் தள்ளப்பட்டன. அரைக்கு மேற்பட்டது ஒரு காசாகக் கொள்ளப்பட்டது. ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25.

ஓரணாப் பண்டத்தை மும்முறை விற்று ஒவ்வொரு முறையும் காசாகப் பெற்ற கடைக்காரர் கையில் 18 காசு. மூன்றையும் ஒருங்கே விற்றவர் 3/16 எனக் கூட்டி, 0.1875 என மாற்றி, இறுதியில் ஒரே முறை திருத்தினார். அவர் பெற்றது 19.