ஓரிடத்தில் உட்காராத பிள்ளை: உதவி எங்கே கிடைக்கும்?

(கொல்லிமலை குண்டனி நாட்டில் பெற்றோர், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

காட்டு வேலையை விட்டுட்டு, அரை நாள் கூலியையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "பையன் ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உட்காரமாட்டேங்கிறான். சொன்னது எதுவும் மண்டையில ஏறலை. அடிச்சும் பாத்தாச்சு, கயிறு கட்டியும் பாத்தாச்சு." இப்படியே எட்டாம் வகுப்பு வரைக்கும் ஓடும். அப்புறம், "படிப்பு வராது, வேலைக்காவது போகட்டும்" என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பிள்ளையை முறையாகப் பரிசோதித்துப் பாருங்கள். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். அதற்கு யாரிடம் போவது, கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

இது என்ன குறைபாடு?

டாக்டர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்பார்கள். தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு. இதில் மூன்று விஷயம் உண்டு. கவனம் நிற்காது. கை கால் சும்மா இருக்காது. யோசிப்பதற்குள் செய்துவிடுவார்கள். சில பிள்ளைகளிடம் மூன்றும் இருக்கும், சிலரிடம் கவனக்குறைவு மட்டும் இருக்கும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதால் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

உலக அளவில் நடந்த ஆய்வுகளின்படி 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இது இருக்கிறது. செல்போன் வந்ததால் வந்த நோய் என்று சிலர் சொல்கிறார்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1902-லேயே மருத்துவர்கள் முன்னால் பேசியிருக்கிறார். அப்போது ஏது செல்போன்? இது மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. அம்மா செல்லம் கொடுத்ததால் வந்ததும் இல்லை, அப்பா கண்டிக்காததால் வந்ததும் இல்லை.

நம்ம மலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காட்டிலும் மேட்டிலும் ஓடியாடித் திரிகிற பிள்ளையை யாரும் குறை சொல்லமாட்டோம். நல்ல சுறுசுறுப்பு என்போம். வகுப்பில் உட்கார்ந்து எழுதவேண்டி வரும்போதுதான் சிக்கல் தெரியும். அதனால் துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடக் கூடாது. டாக்டர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: 6 மாதத்துக்கு மேல் இருக்கிறதா, 12 வயதுக்கு முன்னாலேயே தொடங்கியதா, வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிகிறதா, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கிறதா. உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற பிள்ளை லீவுக்குத்தான் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு விடுதிக் காப்பாளர் சொல்வதும் முக்கியம்.

முதலில் தட்ட வேண்டிய கதவு

இதற்காக முதல் நாளே மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், வகுப்பு ஆசிரியர், இந்த மூவரில் ஒருவரிடம் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், ஆர்.பி.எஸ்.கே. என்பார்களே, அதில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து பரிசோதிக்க வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இந்தத் திட்டத்தில் வருவார்கள். அந்தக் குழு பார்க்கிற குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. குழு வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். "என் பிள்ளையைத் தனியாகப் பாருங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்தப் பரிசோதனை ஏன் முதலில் வேண்டும்? காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொன்னதைக் கேட்காது. கண் மங்கலாகத் தெரிகிற பிள்ளையும் கரும்பலகையைப் பார்க்காது. ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, சில நொடி மட்டும் வெறித்துப் பார்க்கவைக்கிற ஒரு வகை வலிப்பு, எல்லாமே வெளியே பார்க்கும்போது கவனக்குறைவு மாதிரிதான் தெரியும். இவற்றில் எதுவாவது இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

குழு எழுதிக்கொடுத்தால் அடுத்தது மாவட்ட இடையீட்டு சேவை மையம். அங்கே குழந்தை மருத்துவர், உளவியலாளர், பயிற்சியாளர்கள் ஒரே இடத்தில் பார்ப்பதற்காகத்தான் அந்த மையம். மனநல மருத்துவரைப் பார்க்க நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று செவிலியரிடம் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், "இன்னைக்கு டாக்டர் இல்லை" என்று திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மறுபடி போக மனசும் வராது.

இன்னொரு வழி 14416. 2022 அக்டோபர் முதல் செயல்படுகிற மனநல உதவி எண் இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போனிலேயே நோயை உறுதி செய்யமாட்டார்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தைக் கேட்டு, அடுத்து எங்கே போவது என்று வழி சொல்வார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று, பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுங்கள்.

படிப்பு சம்பந்தமான உதவிக்கு வட்டார வள மையம். உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் எங்களைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருக்கிறோம்.

கையில் ஒரு நோட்டு

டாக்டர் முன்னால் போனதும் நமக்குப் பேச்சு வராது. பிள்ளையும் அன்றைக்கு மட்டும் சமத்தாக உட்கார்ந்துவிடும்! அதனால் போவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், எப்போது கோபப்பட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், எதில் மட்டும் ஆசையாக நிற்கிறான் என்று எழுதினால் போதும். ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். தாய் சேய் நல அட்டை, பிள்ளையின் வகுப்பு நோட்டு, ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கையெழுத்தில் இருக்கிற நோட்டைத் தேடி எடுக்காதீர்கள், தினமும் எழுதுகிற நோட்டு போதும்.

சான்றிதழ் கிடைக்குமா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதனால் இதற்கு மட்டும் என்று அடையாள அட்டைக்கு அலைய வேண்டாம். ஆனால் இந்தப் பிள்ளைகள் பலருக்கு எழுதப் படிக்கச் சிரமப்படுகிற கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அது பட்டியலில் இருக்கிறது. 8 வயது ஆன பிறகு அதற்குச் சோதனை செய்து சான்று பெறலாம். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு ஓடாமல், முன்கூட்டியே "கற்றல் குறைபாடு இருக்கான்னும் பாருங்க" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரை பற்றிய பயம்

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். 6 வயதுக்கு மேல், தேவை என்றால்தான் டாக்டர் மருந்து கொடுப்பார். மெத்தில்பெனிடேட் என்ற மருந்து இதற்கு அதிகம் பயன்படுகிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் போதைப் பழக்கம் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். இது கட்டுப்பாடு உள்ள மருந்து. எல்லாக் கடையிலும் விற்க உரிமம் கிடையாது, சீட்டு இல்லாமல் தரவும் கூடாது. அதனால் டாக்டர் அறையை விட்டு வரும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த மருந்து எங்கே கிடைக்கும்? அடுத்த தடவை எப்போ வரணும்?"

செல்போனில் வருகிற வீடியோக்களில் "ஒரே மாதத்தில் குணம்" என்று பொடியும் லேகியமும் விற்பார்கள். பிள்ளையைப் பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைக்கிறவர்கள், முன்பணம் கேட்கிறவர்கள், மற்ற எல்லா வைத்தியத்தையும் நிறுத்தச் சொல்கிறவர்கள், இவர்களை நம்பாதீர்கள். சாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

வீட்டிலும் வகுப்பிலும்

தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். 10 நிமிஷம் படிப்பு, அப்புறம் தண்ணீர் எடுத்து வரச் சொல்லுங்கள், மறுபடி 10 நிமிஷம். செய்து முடித்ததும் அப்போதே பாராட்டுங்கள். சாயந்திரம் சேர்த்துப் பாராட்டலாம் என்று வைத்திருந்தால் பலன் குறைவு. ஆசிரியர்கள் முன் வரிசையில், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வையுங்கள். சாக்பீஸ் எடுத்து வர, நோட்டு விநியோகிக்க அந்தப் பிள்ளையையே அனுப்புங்கள். எழுந்து நடக்க அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். அடிப்பதால் கவனம் வராது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடை செய்கிறது.

பலருக்கு வளர்ந்த பிறகும் இது தொடரும். வாலிபப் பையன் யோசிக்காமல் வளைவில் வண்டியை விடுவான், மிளகு பறிக்க ஏணியைச் சரியாக நிறுத்தாமல் ஏறிவிடுவான், எந்த வேலையிலும் நிலைக்கமாட்டான். "பொறுப்பில்லாதவன்" என்று பெயர் வாங்கிய பெரியவர்களும் கூச்சப்படாமல் அதே 14416-க்குப் பேசலாம், மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு ஆரம்பியுங்கள். நாளைக்கு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். செவிலியர் அக்கா இங்கேயே இருக்கிறார், குழு எப்போது வரும் என்று இப்பவே கேட்டுக்கொள்ளலாம். எல்லார் முன்னாலும் கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் தனியாக வாங்க, பேசலாம்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்
மனநல ஆலோசனை – 14416
மருத்துவத் தகவல், ஆலோசனை – 104
பள்ளிக் கல்வி உதவி – 14417
குழந்தைகள் உதவி – 1098